மகள் பல்கலைக்கழகம் போகிறாள்: உதவிப்பணம் பற்றி யாரிடம், எப்போது கேட்பது?

கேள்வி: நான் லண்டனில் ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் அமைப்பு) வீட்டில் இருக்கிறேன். கணவர் இல்லை. யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தோருக்கான அரச உதவித்தொகை) எடுக்கிறேன். அதில் வாடகையும், மகளைப் பராமரிப்பதற்கான தொகையும் வருகிறது. மகளுக்கு 19 வயது, பிரித்தானியப் பிரஜை. வலிப்பு நோய் இருப்பதால் பிப் என்ற இயலாமைக் கொடுப்பனவு கிடைக்கிறது. ஏ லெவல் முடித்தபின் அந்த வருத்தம் கூடி ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். இந்த செப்டம்பரில் லீட்ஸில் பட்டப்படிப்பு தொடங்குகிறாள். மாணவர்களுக்கு ஒரு உதவியும் கிடையாது என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் 250 பவுண் தந்தால் படிவம் நிரப்பித் தருவதாகச் சொல்கிறார். லோன் எடுக்கவும் பயமாக இருக்கிறது. என் அக்காவின் மகனும் (24 வயது) ஜனவரியில் மாணவர் விசாவில் முதுமாணி படிக்க வந்து எங்களோடு இருக்கிறான். அவனை கவுன்சில் வரிக் குறைப்புக்கு (உள்ளூராட்சி சபையின் வீட்டு வரியில் வருமானம் குறைந்தோருக்குக் கிடைக்கும் சலுகைக்கு) விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? இதையெல்லாம் யாரிடம் நம்பிக் கேட்பது?

பதில்: வணக்கம் அம்மா. நீங்கள் ஏப்ரலில் எழுதியது நல்லதாயிற்று. இதே கேள்வியை ஒக்டோபரில் கேட்டிருந்தால் மகளின் விடயத்தில் முக்கியமான ஒரு கதவு மூடியிருக்கும். அதனால் அவளிலிருந்தே தொடங்குகிறேன். பெறாமகனை, அதாவது அக்காவின் மகனைப் பற்றிய எச்சரிக்கையை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: அவர் கவுன்சில் வரிக் குறைப்புக்கு விண்ணப்பிக்கவே கூடாது. காரணத்தைக் கீழே விளக்குகிறேன்.

முழுநேர மாணவருக்கு யூனிவர்சல் கிரெடிட் கிடையாது என்பது பொதுவிதி. உங்களிடம் முதலில் சொன்னவருக்கு அந்தப் பொதுவிதி மட்டும் தெரிந்திருக்கிறது. விதிவிலக்குகள் பல உண்டு: பிள்ளையை வளர்க்கும் மாணவர், மாணவரல்லாத துணையோடு வாழ்பவர், பெற்றோரின் ஆதரவின்றி பள்ளி மட்டத்தில் படிக்கும் இளையவர் என்று. உங்கள் மகளுக்குப் பொருந்தக்கூடியது இன்னொன்று. பிப் போன்ற இயலாமைக் கொடுப்பனவு பெற்றிருக்க வேண்டும்; அத்தோடு, வேலை செய்யும் ஆற்றல் மட்டுப்பட்டது என்று டிடபிள்யூபி (உதவித்தொகைகளைக் கவனிக்கும் அரச திணைக்களம்) முடிவெடுத்திருக்க வேண்டும். கடிதங்களில் இதை 'லிமிட்டட் கேப்பபிலிட்டி ஃபொர் வேர்க்' என்று எழுதுவார்கள். இந்த முடிவு பாடநெறி தொடங்கும் நாளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். 2021 டிசம்பரிலிருந்து இதுதான் விதி. பிப் இருக்கிறதே, படிக்கத் தொடங்கியபின் ஆறுதலாக விண்ணப்பிப்போம் என்று இருந்த பல மாணவர்கள் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். படிப்பு தொடங்கியபின் போனால், மாணவர் என்ற காரணத்தைச் சொல்லியே விண்ணப்பம் நிராகரிக்கப்படும். ஆற்றலை மதிப்பிடும் கட்டத்துக்கே அது போகாது.

உங்கள் மகள் இப்போது மாணவர் அல்ல. வயது 18ஐத் தாண்டிவிட்டது. உங்களோடு ஒரே வீட்டில் இருந்தாலும் தன் பெயரில் அவள் இன்றே யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். உங்களுடைய பணம் இதனால் குறையாது. வீட்டிலிருக்கும் வளர்ந்தவர்களுக்காக வாடகைத் தொகையில் கழிக்கப்படும் பங்கு 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு இல்லை. பிப்பில் அன்றாட வாழ்க்கைப் பகுதி அவளுக்குக் கிடைக்கிறதென்றால் 21க்குப் பிறகும் அந்தக் கழிவு இல்லை.

விண்ணப்பத்தில் உடல்நிலை பற்றிக் கேட்கும் இடத்தில் வலிப்பு நோயைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். பிறகு ஃபிட் நோட் (வேலை செய்ய முடியாத நிலை பற்றிய மருத்துவச் சான்று) கொடுக்க வேண்டும். அதில் ஜிபிதான் (குடும்ப மருத்துவர்) கையெழுத்திட வேண்டும் என்றில்லை. 2022 ஜூலையிலிருந்து தாதியர், மருந்தாளர் போன்றோரும் கையெழுத்திடலாம். முதல் ஃபிட் நோட் முடியும் நாளையும் அடுத்தது தொடங்கும் நாளையும் ஒட்டிவரச் செய்யுங்கள். இடையில் நாள் விட்டுப்போனால் மதிப்பீட்டுக்கு அனுப்புவது தள்ளிப்போகும். வழமையாக 29ஆம் நாளளவில் வேலைத்திறன் மதிப்பீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்கு யூசி50 என்ற படிவம் வரும். திருப்பி அனுப்ப நான்கு கிழமை தருவார்கள். அவ்வளவு காலமும் எடுக்க வேண்டாம். அனுப்பியபின் நேர்காணலுக்கும் முடிவுக்கும் மாதக்கணக்கில் ஆகலாம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பார்க்க நீண்ட காலமாகத் தெரிந்தாலும் இந்த வேலைக்கு அது மட்டுமட்டான காலம்தான்.

படிவத்தில் 'அடிக்கடி வலிப்பு வரும்' என்று எழுதுவது போதாது. சுயநினைவு பற்றிய பிரிவில் புள்ளிகள் எண்ணிக்கையை வைத்தே கொடுக்கப்படுகின்றன. விழித்திருக்கும் நேரத்தில், கவனமோ விழிப்போ பெரிதாகக் குலையும் அளவுக்கு நினைவு தப்புவது கிழமைக்கு ஒருமுறையாவது நடந்தால் 15 புள்ளி. மாதத்துக்கு ஒருமுறையாவது என்றால் 6 புள்ளி. தேவையானது 15. முழுமையாக மயங்கி விழுவது மட்டும் கணக்கில் வருவதில்லை. சில நிமிடம் வெறித்துப் பார்த்தபடி இருப்பது, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போவது போன்றவையும் வரலாம். ஆகவே இன்றிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகம் வையுங்கள்: திகதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, யார் பார்த்தது, பழைய நிலைக்கு வர எத்தனை மணித்தியாலம் பிடித்தது. பெரும்பாலும் மகளுக்கே அது நினைவில் இருக்காது, பார்த்தவர் நீங்கள். எனவே நீங்கள் எழுதுவதற்கு மதிப்பு உண்டு. மருந்தின் பக்கவிளைவால் வரும் தூக்கமும் மறதியும் வேறு பிரிவுகளில் புள்ளி தரக்கூடும். புள்ளி எட்டாவிட்டாலும், வேலைக்குத் தகுதியானவர் என்று முடிவெடுத்தால் அவருடைய உடல்நலத்துக்குக் கணிசமான ஆபத்து ஏற்படும் என்று காட்ட முடிந்தால் அதற்குத் தனி விதி உண்டு. இந்தப் படிவத்தை அனுபவமுள்ள ஆலோசகரோடு இருந்து நிரப்பச் சொல்வது இதற்காகத்தான். நரம்பியல் சிறப்பு மருத்துவரின் கடிதங்களையும் பிப் முடிவுக் கடிதத்தையும் இணையுங்கள். பிரதி எடுத்து வையுங்கள்.

விண்ணப்பித்தவுடன் அவளுடைய இணையக் கணக்கிலுள்ள ஜேர்னலில் ஒரு செய்தி எழுதட்டும்: பாடநெறி எந்தத் திகதியில் தொடங்குகிறது, வேலைத்திறன் முடிவு அதற்கு முன்பே தேவை. ஜூலை நடுப்பகுதிவரை நேர்காணல் திகதி வராவிட்டால் மீண்டும் எழுதலாம், ஆலோசகரையும் எழுதச் சொல்லலாம், தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தையும் நாடலாம். தொடங்கும் நாள் எது என்பதில் குழப்பம் வேண்டாம். வரவேற்புக் கிழமை ஒன்று, விரிவுரை தொடங்கும் நாள் வேறொன்று என்றால், பாதுகாப்புக்காக முந்தியதையே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வராமலே செப்டம்பர் வந்துவிட்டால்? படிப்பை ஒரு வருடம் தள்ளிப்போட்டால் என்ன என்று சிலர் யோசிப்பார்கள். இந்தக் காரணத்துக்காக மட்டும் ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவைப்பதை நான் விரும்பமாட்டேன். ஆனால் அது உங்கள் குடும்பம் கணக்குப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. அந்தக் கணக்கை ஒகஸ்ட் மாதத்துக்கு முன் ஒரு ஆலோசகரோடு இருந்து போடுங்கள்.

இனி லோன். நம் குடும்பங்களில் கடன் என்றால் உடனே வேண்டாம் என்கிறோம். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் யூனிவர்சல் கிரெடிட் விதியில் ஒரு விடயம் இருக்கிறது: வாழ்க்கைச் செலவுக்கான மாணவர் லோனை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அவளுக்கு எடுக்க உரித்தான உச்சத் தொகையை வருமானமாக எண்ணுவார்கள். எடுக்காமல் விட்டால் கையில் லோனும் இல்லை, யூனிவர்சல் கிரெடிட்டும் குறைந்துபோகும். இந்த லோனைத் திருப்பிக் கட்டும் முறையும் வங்கிக் கடன் போன்றதல்ல. இங்கிலாந்தில் 2023 ஒகஸ்ட் 1இலோ அதற்குப் பின்னரோ பட்டப்படிப்பு தொடங்கியவர், படிப்பு முடிந்தபின் ஆண்டு வருமானம் 25,000 பவுண் என்ற தற்போதைய வரம்பைத் தாண்டினால்தான் கட்டத் தொடங்குவார். தாண்டிய பகுதியில் 9 வீதம் பிடிப்பார்கள். 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடியாகும். வட்டி உண்டு என்பது உண்மை. மத நம்பிக்கை சார்ந்த தயக்கம் ஏதும் இல்லையென்றால் எடுப்பதே அவளுக்குப் பாதுகாப்பு.

கணக்கிடும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். டிடபிள்யூபி பக்கத்தில் பிழை அதிகம் நடப்பது இங்கேதான். கட்டணத்துக்கான லோனை எண்ணக் கூடாது. இயலாமை உள்ள மாணவருக்கு மாணவர் நிதியில் (மாணவர் லோனைக் கொடுக்கும் அரச திட்டத்தில்) சிறப்பு ஆதரவு என்று ஒரு பகுதி ஒதுக்கப்படும். அதையும் எண்ணக் கூடாது. மிச்சமுள்ள வாழ்க்கைச் செலவு லோனைப் பாடநெறி ஆண்டின் கணிப்புக் காலங்களுக்குச் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு காலத்திலும் 110 பவுணைக் கழித்துவிட்டு, மீதியை வருமானமாக எடுப்பார்கள். கணிப்புக் காலம் என்பது அவளுடைய யூனிவர்சல் கிரெடிட் மாதம். படிப்பு தொடங்கும் நாள் விழும் கணிப்புக் காலத்திலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். கோடை விடுமுறை தொடங்கும் காலத்தை எண்ணமாட்டார்கள்.

உதாரணமாக, எண்ணப்படும் லோன் 7,200 பவுண் என்று வைப்போம். அவளுடைய காலம் ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதியிலிருந்து அடுத்த மாதம் 4ஆம் திகதி வரை. படிப்பு செப்டம்பர் 21இல் தொடங்கி ஜூன் 12இல் கோடை விடுமுறை வருகிறது. எண்ணப்படும் காலங்கள் ஒன்பது. 7,200ஐ 9ஆல் பிரித்தால் 800. 110ஐக் கழித்தால் 690 பவுண். இந்த 690 முழுவதும் அந்தந்த மாத யூனிவர்சல் கிரெடிட்டிலிருந்து கழியும். ஆகவே தவணைக் காலத்தில் சிறு தொகையே வரலாம், சில மாதம் ஒன்றும் வராமலும் போகலாம். கோடையில் லோன் எண்ணப்படாததால் முழுத் தொகை வரும். 'செப்டம்பரில் பூச்சியம் வந்தது, அதோடு விட்டுவிட்டோம்' என்று கோடையில் திரும்பிப் பார்க்காமல் இருப்பவர்கள் உண்டு. மூன்று மாதக் காசு அப்படியே போய்விடும். மாணவர் நிதி அனுப்பும் உரித்துக் கடிதத்தில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாகப் போட்டிருக்கும். வங்கிக்கு வந்த மொத்தத்தை மட்டும் சொல்லாமல் அந்தக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் ஜேர்னலில் ஏற்றட்டும். பிப் பணம் இந்தக் கணக்கில் வருமானமாக வருவதே இல்லை.

மாணவர் நிதி விண்ணப்பத்தில் இயலாமை பற்றிய கேள்விகளைத் தாண்டிப் போக வேண்டாம். சிறப்பு ஆதரவுப் பகுதி கிடைப்பது அந்தப் பதில்களைப் பொறுத்தது. அதோடு இயலாமையுள்ள மாணவர் கொடுப்பனவு, அதாவது டிஎஸ்ஏ, தனியாக உண்டு. குடும்ப வருமானம் பார்ப்பதில்லை, திருப்பிக் கட்டவும் தேவையில்லை. உதவியாளர், குறிப்பெடுக்கும் மென்பொருள், உபகரணம் போன்றவற்றுக்கே அது செலவாகும், பெரும்பாலும் கையில் காசாக வருவதில்லை. ஒழுங்காகிக் கிடைக்க 14 கிழமை வரை ஆகலாம் என்பதால் பல்கலைக்கழக இடம் உறுதியாகும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பிக்கட்டும்.

மருந்துச் செலவும் கவனிக்க வேண்டியது. இங்கிலாந்தில் 19 வயதானவர் மாணவராக இருந்தாலும் மருந்துச்சீட்டுக்குக் காசு கட்ட வேண்டும். ஆனால் வலிப்புக்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவருக்கு மருத்துவ விலக்குச் சான்றிதழ் உண்டு. அது இருந்தால் எல்லா மருந்துச்சீட்டுகளும் இலவசம். ஜிபியிடம் எஃப்பி92ஏ படிவம் கேளுங்கள். சான்றிதழ் ஐந்து வருடம் செல்லும். காலாவதியானதைக் கவனிக்காமல் மருந்தகத்தில் இலவசம் என்று குறித்துவிட்டால் தண்டப்பணம் வரும், ஆகவே திகதியைப் பாருங்கள். பல், கண் செலவுகளுக்கு எச்சி1 (HC1) படிவம் மூலம் வருமானம் குறைந்தோர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

அடுத்தது உங்களுடைய பணம். மகள் லீட்ஸுக்குப் போனதும் கிழமைக்கு 35 மணித்தியாலம் நீங்கள் அவளைப் பராமரிப்பதாகச் சொல்ல முடியாது. பராமரிப்பாளர் தொகை நிற்கும். போகும் நாளன்றே உங்கள் ஜேர்னலில் அறிவியுங்கள். 'விடுமுறைக்கு வருவாள்தானே' என்று சொல்லாமல் விடுவதுதான் பின்னர் பெரிய கடனாக வந்து நிற்கும். யூனிவர்சல் கிரெடிட்டில் கூடுதலாகக் கொடுபட்ட பணத்தை, பிழை அவர்களுடையதாக இருந்தாலும், திருப்பி அறவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நீண்ட விடுமுறையில் மீண்டும் முழுநேரமாகப் பராமரித்தால் அதையும் அறிவித்துக் கேட்கலாம். உங்கள் வீட்டிலுள்ள அவளுடைய அறை எவ்வளவு காலம் வாடகைக் கணக்கில் சேரும் என்பதை உங்கள் வாடகை ஒப்பந்தத்தோடு போய் ஆலோசகரிடம் கேளுங்கள்.

பெறாமகன் ஜனவரியில் வந்ததை டிடபிள்யூபிக்கும் கவுன்சிலுக்கும் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. 21 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடைய உறவினர் வாடகை கொடுக்காமல் உங்களோடு இருந்தால், உங்கள் வாடகைத் தொகையிலிருந்து மாதம் 90 பவுணுக்கு மேல் ஒரு நிலையான தொகை கழிக்கப்படும். விதிவிலக்குகள் உண்டு, மாணவர் என்பது அவற்றில் ஒன்றல்ல. சொல்லாமல் இருந்திருந்தால் இன்றே சொல்லுங்கள். பிந்தினாலும் நீங்களாகச் சொல்வது நல்லது. கவுன்சில் வரியில் நிலைமை உங்களுக்குச் சாதகம். முழுநேர மாணவரை அதில் ஆளாக எண்ணுவதில்லை. எனவே மகளும் மாணவியானபின், வீட்டில் மாணவரல்லாத வளர்ந்தவர் நீங்கள் மட்டும் என்றால் உங்களுக்கு 25 வீதத் தனியாள் கழிவு உண்டு. பல்கலைக்கழகத்திடமிருந்து மாணவர் சான்றுக் கடிதம் வாங்கி கவுன்சிலுக்கு அனுப்புங்கள். மகள் லீட்ஸில் மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் தங்கினால் அந்த வீட்டுக்கு வரியே இல்லை.

இந்தக் கழிவையும் கவுன்சில் வரிக் குறைப்பையும் ஆட்கள் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். மாணவருக்கான கழிவும் விலக்கும் பொதுநிதி (விசாவில் தடை இருப்பவர் எடுக்கக் கூடாத அரச உதவிகள்) அல்ல. வருமானம் குறைந்தோருக்குக் கொடுக்கும் கவுன்சில் வரிக் குறைப்பு பொதுநிதி. மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பொதுநிதி தடை. யூனிவர்சல் கிரெடிட், பிப், சைல்ட் பெனிஃபிட், கவுன்சில் வரிக் குறைப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தெரியாமல் விண்ணப்பித்துக் கிடைத்தாலும் விசா நிபந்தனையை மீறியதாகும். பின்னர் விசா நீட்டிக்கும்போது வந்து நிற்கும். ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தால் உடனே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசகரைப் பார்க்கட்டும். எதைத் திரும்பப் பெறுவது, எப்படி எழுதுவது என்று அவர்கள் சொல்வார்கள். அவரைக் காட்டி நீங்கள் உங்கள் பெயரில் எதையாவது கூடுதலாகக் கேட்க நினைத்தாலும் முதலில் ஆலோசனை கேளுங்கள்.

அவருக்கு உரித்தானவையும் இருக்கின்றன. விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியிருக்கிறார், மாணவருக்கு அது ஆண்டுக்கு 776 பவுண். ஆகவே ஜிபியில் பதிவு செய்து மற்றவர்களைப் போல மருத்துவம் பார்க்கலாம். எச்சி1 மூலம் மருந்து, பல், கண் செலவுக்கு உதவி கேட்பது பொதுநிதியில் சேராது. சேமிப்பு 16,000 பவுணுக்கு மேல் இருக்கக் கூடாது. உணவு வங்கியும் பொதுநிதி அல்ல. பல்கலைக்கழகத்தின் இடர் நிதியும் (பணக்கஷ்டத்தில் இருக்கும் மாணவருக்கான உதவி) அல்ல, பல இடங்களில் சர்வதேச மாணவரும் கேட்கலாம். வரும்போது காட்டிய பணம் எதிர்பாராத காரணத்தால் இல்லாமல் போனது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். கட்டணத் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் தவணை நாளுக்கு முன்பே போய்ப் பேசட்டும். கட்டாமல் ஒளிந்திருந்தால் பதிவு நீக்கப்பட்டு, விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் அனுசரணையும் அதோடு விசாவும் போகலாம்.

வேலையில் இரண்டு இடத்தில் நம் பிள்ளைகள் அடிக்கடி மாட்டுப்படுகிறார்கள். பட்டப்படிப்புக்கும் அதற்கு மேலும் படிப்பவருக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் உச்சம். கிழமை என்பது திங்களிலிருந்து ஞாயிறு வரை. இரண்டு கிழமையைச் சேர்த்துச் சராசரி பார்க்க முடியாது. முதுமாணி மாணவர் கோடையில் ஆய்வுக்கட்டுரை எழுதும் மாதங்கள் பொதுவாகத் தவணைக் காலமே. இளமாணி நண்பர்கள் முழுநேரம் வேலை செய்கிறார்கள் என்று பார்த்து இவர் செய்யக் கூடாது. தவணைத் திகதிகளைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வைக்கட்டும். இரண்டாவது, சுயதொழில் முற்றாகத் தடை. செயலி மூலம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பெரும்பாலும் சுயதொழிலாகவே பதிவாகும். இன்னொருவருடைய கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுவது அதைவிட மோசம்.

யாரிடம் கேட்பது என்பதற்கு வருவோம். மகளுக்கு முதல் இடம் அவள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒன்றிய ஆலோசனை நிலையம். பல்கலைக்கழக நிர்வாகத்திலிருந்து தனித்து இயங்குவது, இலவசம், இரகசியம் காப்பார்கள். மாணவர் விதிகள் அவர்களுக்கு அன்றாட வேலை. இன்னும் சேராதவர் என்றாலும் மின்னஞ்சல் எழுதிக் கேட்கட்டும். பல்கலைக்கழகத்தின் இயலாமைச் சேவையும் நிதி ஆலோசகரும் டிஎஸ்ஏக்கும் இடர் நிதிக்கும் பொருத்தம். இப்போது போட வேண்டிய யூனிவர்சல் கிரெடிட் விண்ணப்பத்துக்கும் உங்கள் சொந்த விடயத்துக்கும் லண்டனிலுள்ள சிட்டிசன்ஸ் அட்வைஸ் (இலவச ஆலோசனை நிலையம்), லோ சென்டர் (இலவச சட்ட உதவி நிலையம்), அல்லது உங்கள் கவுன்சிலில் நல உரிமைக் குழு இருந்தால் அது. ஹவுசிங் அசோசியேஷன்கள் பலவற்றிலும் வாடகையாளருக்கென்று பண ஆலோசகர் இருப்பார், கேட்டுப் பாருங்கள். பெறாமகனுக்கு அவருடைய பல்கலைக்கழக சர்வதேச மாணவர் பிரிவு. சர்வதேச மாணவருக்கான விதிகளை யூகேசிஸா என்ற அமைப்பின் இணையத்தளம் தெளிவாக எழுதியிருக்கிறது.

இணையத்திலுள்ள உதவித்தொகைக் கணிப்பான்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மாணவருக்கும் பிரித்தானிய, ஐரிஷ் பிரஜை அல்லாதவருக்கும் அவை சரியான விடை தரமாட்டா என்று அரசாங்க இணையத்தளமே எச்சரிக்கிறது.

அந்த 250 பவுணை யாருக்கும் கொடுக்காதீர்கள். குடிவரவு ஆலோசனை சொல்ல அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கவனிக்கும் அமைப்பு 2025 ஜனவரிவரை ஓஐஎஸ்சி என்று இருந்தது, இப்போது குடிவரவு ஆலோசனை அதிகாரசபை. அனுமதியின்றிச் சொல்வது குற்றம். அவர்களுடைய இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். உதவித்தொகை ஆலோசனைக்கு அப்படி ஒரு அனுமதி முறை இல்லை. யாரும் காசு வாங்கிப் படிவம் நிரப்பலாம். அவர் இல்லாததை எழுதினாலும் கையெழுத்து உங்கள் மகளுடையது, விசாரணை வந்தால் பதில் சொல்ல வேண்டியதும் அவள்தான். இலவச ஆலோசகருக்கும் ஒரு எல்லை உண்டு: அவர் விசா கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தால் அது அலட்சியம் அல்ல, சட்டப்படி அவரால் சொல்ல முடியாது. வேறொருவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

சந்திப்புக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். அவள் வளர்ந்தவள் என்பதால் அவள் சம்மதமின்றி அவளுடைய விபரங்களை உங்களோடு கதைக்கமாட்டார்கள். கொண்டுபோக வேண்டியவை: பிப் முடிவுக் கடிதம் முழுவதும் (எந்தப் பகுதி, எந்த வீதம், எந்தத் திகதி வரை என்று பார்ப்பார்கள்), பல்கலைக்கழக இடம் தந்த கடிதம், பாடநெறியின் தொடக்க, முடிவுத் திகதிகள், மாணவர் நிதிக் கடிதம், மருத்துவக் கடிதங்கள், உங்கள் கடைசி யூனிவர்சல் கிரெடிட் அறிக்கை, வாடகை ஒப்பந்தம், கவுன்சில் வரிக் கடதாசி. தமிழில்தான் கதைக்க வசதி என்றால் சந்திப்பு எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். டிடபிள்யூபிக்குத் தொலைபேசி எடுக்கும்போதும் கேட்கலாம். மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் வருத்தத்தைப் பற்றித் தாய் சொல்வதை அவளே மொழிபெயர்க்கும்போது பாதியை விட்டுவிடுவாள். சந்திப்பு முடிந்தபின், சொன்னதை மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதித் தரச் சொல்லுங்கள். செப்டம்பர், ஒக்டோபரில் எல்லா நிலையங்களிலும் கூட்டம் நிறைந்துவிடும், ஆகவே சந்திப்பை மே மாதத்துக்குள் எடுங்கள்.

படிக்கும்போது வருத்தம் கூடி, ஒரு தவணை விட்டுநிற்க வேண்டி வந்தால், அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் ஆலோசகரைப் பார்க்க வேண்டும். இடைநிறுத்திய மாணவரை யூனிவர்சல் கிரெடிட் தொடர்ந்தும் மாணவராகவே பார்க்கும், மாணவர் நிதி மட்டும் நின்றுபோகலாம். சுகமானபின் திரும்பச் சேரக் காத்திருக்கும் காலத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, நோயாக இருக்கும் காலத்துக்கு அது இல்லை. மகளுக்கு அதற்கு முன்பே வேலைத்திறன் முடிவு கிடைத்திருந்தால் இந்த இடைவெளியில் அவளுக்கு ஒரு வருமானம் இருக்கும். ஏப்ரலிலேயே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் 'மாணவர் என்பதால்' என்ற ஒரு வரியோடு விட்டுவிட வேண்டாம். முடிவுத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேட்க வேண்டும். ஜேர்னலில் எழுதியே கேட்கலாம். அவளுக்கு பிப் எந்தத் திகதியிலிருந்து இருக்கிறது, வேலைத்திறன் முடிவு எந்தத் திகதியில் வந்தது, பாடநெறி எந்தத் திகதியில் தொடங்கியது: இந்த மூன்றையும் வரிசையாக எழுதிக் கடிதங்களை இணைத்தால் போதும். தக்க காரணம் இருந்தால் பிந்தியும், உச்சமாக 13 மாதத்துக்குள், கேட்கலாம். அதிலும் மறுத்தால் அந்தப் பதில் வந்த திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. மீள்பரிசீலனைப் பதில் கடிதத்தைக் கவனமாக வையுங்கள், மேன்முறையீட்டோடு அதை இணைக்க வேண்டும்.